நீலத் தொட்டியில் சைப்ரஸ்

என் கணவர் வீட்டில் எதுவும் உடையாது, எதுவும் தொலையாது, எதுவும் சாகாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமாவின் டீ கப்பைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டேன். நான் பிறந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலே தெருமுனை வரை கேட்கும். அந்தப் பழக்கத்தில், "ஐயோ மாமா, உங்க கப்பு போச்சே!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடினேன். மாமா செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. சாயங்காலம் அலமாரியில் அதே நீலக்கோடு போட்ட கப்பு உட்கார்ந்திருந்தது. "எந்தக் கப்பு? அதான் இருக்கே" என்றார் என் கணவர், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மாமா என்றால் என் மாமனார். தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். இந்த மாற்றிவைக்கும் வித்தையை வீட்டில் தொடங்கி வைத்தவரே மாமாதான் என்று என் நாத்தனார் ஒருநாள் போட்டு உடைத்தார். என் கணவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு கிளி வளர்த்தாராம். அதற்கு இடது காலில் ஒரு விரல் கிடையாது. பையன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கிளி செத்துப்போக, மாமா ஓடிப்போய் வேறொரு கிளியை வாங்கிவந்து கூண்டில் போட்டுவிட்டார். பையன் வந்து பார்க்கிறான், எல்லா விரலும் இருக்கிறது. "முளைச்சிடுச்சுடா, கிளிக்கெல்லாம் விரல் முளைக்கும்" என்று மாமா சொல்ல, பையன் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறான். கிளிக்கு விரல் முளைக்கும் என்று என் கணவர் இன்றைக்கும் ஒரு ஓரத்தில் நம்புகிறார் என்பதுதான் என் சந்தேகம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மூலை தாழ்வாக இருக்கும். கூரைத் தண்ணீரெல்லாம் வழிந்து அங்கேதான் தேங்கும். ரோஜா வைத்தோம், அழுகியது. கொய்யா வைத்தோம், அதுவும் அழுகியது. மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் அடுப்படிக்குள் வருவேன் என்றது. அந்த மூலையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமா அதற்குக் குடைக்காரரைக் கூட்டிவந்தார்.

குடைக்காரர் மாமாவோடு பம்ப் நிலையத்தில் வேலை பார்த்தவர். வெயிலோ மழையோ, கறுப்புக் குடை கையில் இருக்கும். விரித்துப் பார்த்தவர்தான் யாருமில்லை. ஒரு சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். கைபேசி வைத்துக்கொள்ள மாட்டார். பேச வேண்டுமென்றால் கீழே கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பேசுவார். அவரும் மாமாவும் சேர்ந்துவிட்டால் வீட்டில் இரண்டு விடலைப் பையன்கள் புகுந்த மாதிரி இருக்கும். நான் தேடுகிற மூக்குக்கண்ணாடியை என் தலையிலேயே மாட்டிவிட்டு, நான் தேடுவதை வேடிக்கை பார்ப்பார்கள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். என்னிடமே இந்த விளையாட்டு.

மூலையைச் சுற்றிச் சுற்றி வந்த குடைக்காரர் குடை நுனியால் சேற்றைக் குத்திப் பார்த்தார். "இதுக்குத் தண்ணியில நிக்கற மரமா வைக்கணும்" என்றார். அடுத்த முறை வரும்போது ஒரு சாக்கில் சுற்றிய கன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பம்ப் நிலையத்துக் குளத்துக்கரையில் தண்ணீரிலேயே நிற்கிற ஒரு பெரிய சைப்ரஸ் மரம் உண்டு. அதன் விதையை எடுத்துத் தானே முளைக்கவைத்தாராம். இடுப்புயரம் இருந்தது. மெல்லிய கொம்புகளில் இறகு இறகாக இளம்பச்சை இலை. தொட்டால் குழந்தையின் தலைமுடி மாதிரி அத்தனை மிருது.

நடுவதற்கே இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். வீடு கட்டியபோது மேஸ்திரி மிச்சமிருந்த சுண்ணாம்பையும் சிமெண்டுக் கட்டிகளையும் அந்த மூலையில்தான் புதைத்துவிட்டுப் போயிருந்தார். "சுண்ணாம்பு பட்டா இலையெல்லாம் மஞ்சளாயிடும்" என்று குடைக்காரர் ஒரு கட்டி விடாமல் பொறுக்க வைத்தார். சுவரிலிருந்தும் சாக்கடைக் குழாயிலிருந்தும் தள்ளி நட்டார்கள். "வயசானா இதுக்கு வேர்லேர்ந்து முட்டி முட்டியா மண்ணுக்கு மேல வரும். இடம் வேணும்" என்றார். "எனக்கு இருக்கற முட்டியே போதும்" என்றார் மாமா, காலைப் பிடித்துக்கொண்டு. அந்த மரத்தைப் பற்றி அவர்கள் எங்களிடம் சொன்னது அவ்வளவுதான்.

கன்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. கோடையிலேயே என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. மழை பெய்தால் அதன் அடியில் தண்ணீர் குட்டை கட்டும். அது பாட்டுக்குக் குஷியாக நிற்கும். ஒருவழியாக அந்த மூலை உருப்பட்டதே என்று எனக்கும் நிம்மதி.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை ஆகி, படியேற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், தரைத்தள வீடான நாத்தனார் வீட்டுக்கு அழைத்துப் போனோம். எங்கள் வீட்டில் படுக்கையறை மாடியில். அவர் அங்கே வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடியெடுத்து வைக்கக்கூடத் தொடங்கவில்லை, அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. சைக்கிள் கடைக்காரர் என் கணவருக்குப் போன் செய்தார். குடைக்காரர் காலையில் கீழே வரவில்லையாம். போய்ப் பார்த்தால் தூக்கத்திலேயே போயிருந்தார். தலைமாட்டுச் சுவரில் பென்சிலால் எங்கள் வீட்டுப் போன் எண் மட்டும் எழுதியிருந்தது.

நாங்கள் இருவரும் போய் எல்லாம் முடித்துவிட்டு வந்தோம். கடைக்காரர் அந்தக் குடையை என் கணவர் கையில் கொடுத்தார். வருகிற வழியெல்லாம் என் கணவர் அதை மடியிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் பீரோவின் மேலே, பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அப்பாகிட்ட சொல்லலையா?" என்றேன்.

"முதல்ல நடக்க ஆரம்பிக்கட்டும். மனசு விட்டுட்டா நடக்க மாட்டாரு."

"நடந்தப்புறம்?"

"நடந்தப்புறம் பாத்துக்கலாம்."

"நீங்க எப்ப பாத்துக்கிட்டீங்க? பூசி மெழுகத்தானே தெரியும்!" என்று நான் கத்தினேன். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "ஒண்ணுமில்லைங்க, இதோ திறந்துடும்" என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய். வீட்டிலும் அதே பாட்டுத்தான்.

இந்த நேரம் பார்த்துத்தானா அந்த மரமும் அப்படிச் செய்ய வேண்டும்? குளிர் தொடங்கியதும் இலைகள் செம்பழுப்பாகின. பிறகு சின்னச் சின்னக் கொம்போடு சேர்ந்து கொத்தாக உதிர ஆரம்பித்தன. நான் பெருக்கிப் பெருக்கி ஓய்ந்தேன். கொஞ்ச நாளில் மூலையில் ஒரு குச்சி மட்டும் நின்றது. என் கணவர் அதன் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மனிதர் போனார், அவர் கொடுத்த மரமும் போய்விட்டது, அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வது என்று கண் கலங்கினார். அதைப் பார்த்து எனக்கும் மனசு கேட்கவில்லை.

சாலையோர நர்சரியில் போய்க் கேட்டாராம். "சைப்ரஸ் இலை உதிர்க்காது சார். உதிர்த்தா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று நர்சரிக்காரர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இவர் கைபேசியில் கோடைக்காலத்துப் படத்தைக் காட்ட, அவர் உள்ளே போய் துஜா என்ற அழகுச் செடி ஒன்றைத் தூக்கிவந்து, "ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி சார். யாருக்கும் தெரியாது" என்றிருக்கிறார். அன்று மாலையே துஜா எங்கள் வீட்டு வாசலில் இறங்கியது. அடர்பச்சை, கூம்பு வடிவம், சீவி விட்ட மாதிரி ஒழுங்கு. அந்தப் பழைய கன்றின் பரட்டைத் தலைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

"என்னங்க, கண்ணு தெரியாதவங்ககூடத் தொட்டுப் பாத்தா கண்டுபிடிச்சிடுவாங்க" என்றேன்.

"அப்பாவுக்கு இப்ப கண்ணாடி இல்ல. விழுந்தப்ப உடைஞ்சுபோச்சே" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

மூலையைத் தோண்டிப் பழைய கன்றை வேரோடு கிளப்பி எடுத்தார். துஜாவை நட்டார். கிளப்பியதைக் குப்பை வண்டியில் போட வேண்டும் என்று பின்பக்க நடையில் சாய்த்துவிட்டுப் போனார்; போனவர் போனவர்தான். துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அது என் காலில் இடறியது. வேரைப் பார்த்தேன், மண்கட்டியோடு ஈரமாக இருந்தது. ஈர வேரைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. திட்டிக்கொண்டே தூக்கி, மழைக்குழாய்க்கு அடியில் கிடந்த பழைய நீலத் தொட்டிக்குள் நிறுத்தினேன். காலம் தப்பிய ஒரு மழை அதன் மேல் கொட்டியது. என் கணவர் ஒரு பலகையை அதற்கு முன்னால் சாத்தி மறைத்தார். அதோடு நான் மறந்துவிட்டேன்.

மாமா நாத்தனார் வீட்டிலிருந்து தினமும் போன் செய்வார். இரண்டே கேள்விகள்தான். "குடைக்காரன் வந்தானா?" ஒன்று. "சைப்ரஸ் எப்படி இருக்கு?" இன்னொன்று.

"பச்சைப் பசேல்னு இருக்குப்பா" என்பார் என் கணவர்.

முதல் தடவை அப்படிச் சொன்னபோது, "அப்படியா? பச்சைப் பசேல்னா?" என்று மாமா திருப்பிக் கேட்டார். "ஆமாம்ப்பா, ஒரு இலை உதிரல" என்று இவர் இன்னும் ஒரு படி ஏறினார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

குடைக்காரர் விஷயம் இன்னும் மோசம். வெளியூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று என் கணவர் ஆரம்பித்தார். பிறகு அங்கிருந்து போன் செய்தார் என்றார். அப்புறம் அவர் விசாரித்ததாக, கேலி செய்ததாக, தானே ஜோக்குகளைக் கட்டிச் சொல்ல ஆரம்பித்தார். என் கணவருக்கு ஜோக் வராது. "இடுப்புல இரும்பு வெச்சிருக்காங்களே, இனிமே மழையில நனையாதே, துருப்பிடிச்சிடும்னு சொன்னாருப்பா." அந்தப் பக்கம் மாமா, "அவனா சொன்னான்? சரி சரி" என்பார். போனை வைத்ததும் என் கணவர் முகத்தில் சொட்டுச் சொட்டாக வியர்த்திருக்கும். ஒருநாள், "இன்னிக்கு அவர் என்ன சொல்லியிருப்பாருன்னு நீயே சொல்லேன்" என்று என்னிடம் கெஞ்சினார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "செத்தவரைப் பேச வைக்க என்னால முடியாது" என்று உள்ளே போய்விட்டேன்.

குளிர் விலகி வெயில் இதமாக விழத் தொடங்கிய நாளில் மாமா கைத்தடியோடு வீட்டுக்கு வந்தார். அவருக்காக நானே தேய்த்துப் பொருத்திய புதுக் கண்ணாடியைக் காரிலேயே கொடுத்துவிட்டேன். "இப்பவே குடுக்கணுமா?" என்று என் கணவர் பல்லைக் கடித்தார். நான் காதில் வாங்கவில்லை.

மாமா வீட்டுக்குள் நுழையவே இல்லை. பக்கவாட்டு வழியாகத் தடியை ஊன்றி நேரே கொல்லைக்குப் போனார். துஜாவின் முன்னால் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உச்சியிலிருந்து அடிவரை பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். நாங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். என் கணவர் முகத்தில் திருட்டு முழி.

"விரல் முளைச்சிருக்கு" என்றார் மாமா.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா. நல்லா வளந்திருக்குன்னு சொன்னேன்."

என் கணவர் பெருமூச்சு விட்டார். மாமா கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத்தான் புரிந்தது. கிளிக்கதை எனக்குத் தெரியுமே.

மறுநாள் என் கணவர் வேலைக்குப் போனபின் டீயை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மாமா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"பழசு எங்கம்மா?" என்றார். கோபமே இல்லை குரலில்.

நான் பொய் சொல்லத் தெரியாதவள் என்று பெருமையடித்துக்கொள்ளவில்லை; சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அவ்வளவுதான். "வாங்க" என்று நடைக்குக் கூட்டிப்போய் பலகையை நகர்த்தினேன். நானும் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். தொட்டி நிறையக் கறுப்புத் தண்ணீர். அதில் அந்தக் குச்சி நின்றுகொண்டிருந்தது, கொம்புக்குக் கொம்பு பச்சைப் புள்ளிகளோடு. சில புள்ளிகள் ஏற்கெனவே விரிந்து சின்ன இறகுகளாகியிருந்தன.

"ஐயையோ! உசுரோட இருக்கு மாமா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"செத்தாத்தானே. மத்த சைப்ரஸ் மாதிரி இல்ல, இந்த ஜாதி குளிருக்கு இலையைக் கொட்டிட்டு நிக்கும். அதான் இதோட குணம்." மாமா ஒரு கொம்பை இரண்டு விரலால் தடவினார். "தண்ணியில கொண்டுவந்து வெச்சது யாரு?"

"நான்தான். காலை இடறுதேன்னு."

"நல்ல வேளை, உனக்குக் காலு இடறிச்சு."

"இலையைக் கொட்டும்னு எங்ககிட்ட ஏன் மாமா சொல்லல?"

"அது வேற கதை" என்று ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "குடைக்காரன் எப்பம்மா போனான்?"

கையிலிருந்த டீயைத் தரையில் வைத்தேன். இத்தனை மாதம் கத்தித் தீர்த்த நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "உங்க ஆபரேஷன் முடிஞ்ச கொஞ்ச நாள்ல, மாமா. தூக்கத்துலயே" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் போயிருந்தோம். எல்லாம் நல்லபடியா செஞ்சோம்."

"கஷ்டப்படலையே?"

"இல்ல மாமா. தூங்கற மாதிரிதான் இருந்தாரு."

அவர் மெல்லத் துவைக்கும் கல்லுக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் இல்லாத அழுகை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

"போன்ல பச்சைப் பசேல்னு இருக்குன்னான் பாரு, அன்னிக்கே. குளிர்ல இது மொட்டையா நிக்கணும். சரி, மரத்துக்கு என்னவோ ஆச்சு, மறைக்கறான்னு நினைச்சேன். மரத்துக்கே இவ்வளவு பூசறவன், மனுஷனுக்கு என்ன பூசறானோன்னு அப்புறம்தான் பயம் வந்துச்சு. அந்த ஜோக்கெல்லாம் வேற." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "துருப்பிடிக்கும்னு குடைக்காரன் சொல்வானாம்மா? அதைவிட நல்லாச் சொல்வான் அவன்."

"தெரிஞ்சுமா மாமா கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"நேரா கேட்டா என் பையன் சொல்லிடுவானே. சொல்லாத வரைக்கும் குடைக்காரன் ஊருக்குப் போயிருக்கான்னு நானும் நினைச்சுக்கலாம்ல." துஜாவைத் திரும்பிப் பார்த்தார். "பொய் சொல்றான்னு தெரிஞ்சுது. அந்தப் பொய்யைக் குழி தோண்டி நட்டுத் தண்ணி ஊத்தி வெச்சிருப்பான்னுதான் தெரியல. இதைப் பாத்ததும் இனிமே நினைச்சுக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. மரத்தை மாத்திட்டான். குடைக்காரனை எப்படி மாத்துவான்?"

எழுந்து உள்ளே போகும்போது, "நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லாதே. அவன் வாயால சொல்லட்டும்" என்றார். தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே பகல் அதுதான். கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸை இடவலம் மாற்றித் தேய்த்துவிட்டேன். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாலை என் கணவர் உற்சாகமாக வந்தார். அப்பா மரத்தை நம்பிவிட்டார் என்ற தெம்பு. மாமாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பா, இன்னிக்குக் குடைக்காரர் பேசினாரு."

நான் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? என்ன சொன்னான்?"

"உங்க கைத்தடியைப் பத்திக் கேட்டாரு. என் குடையைப் பாத்துக் காப்பியடிச்சிட்டான்னு சிரிச்சாரு."

அவர் கட்டியதிலேயே உருப்படியான ஜோக் அதுதான். மாமாவின் உதட்டோரம் ஒருமுறை துடித்து நின்றது. "அப்புறம்?"

"அப்புறம், உடம்பைப் பாத்துக்கச் சொன்னாரு."

"அப்புறம் என்ன சொன்னான்?"

"சீக்கிரம் வரேன்னு..."

"சொல்லுடா. கேக்கணும் போல இருக்கு. இன்னும் என்ன சொன்னான்?"

அப்பாவின் கண்ணை அப்போதுதான் நேராகப் பார்த்தார் என் கணவர். வாய் திறந்தபடியே நின்றது. "அப்பா" என்றார். இன்னொரு தடவை "அப்பா" என்றார். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்து மாமாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "அவர் போயிட்டாருப்பா. அப்பவே போயிட்டாரு. எனக்குச் சொல்ல வரலப்பா."

"தெரியும்டா" என்றார் மாமா, மகனின் தலையில் கையை வைத்து. "இப்ப சொல்லிட்டேல்ல. போதும்."

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, பீரோ மேலிருந்த குடையை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். மாமா அதை வாங்கித் தன் கைத்தடியோடு சேர்த்துச் சுவரில் சாத்தி வைத்தார். அன்று ராத்திரி மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். குடைக்காரரைப் பற்றியே பேசினோம். அவர் போன அன்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் என் கணவர் சொன்னார். இவருக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை துஜாவைக் கிளப்பி, வாசல் கேட் ஓரம் மேட்டு நிலத்தில் வைத்தோம். "அது என்ன பாவம் பண்ணிச்சு" என்றார் மாமா. பிறகு நானும் என் கணவரும் நீலத் தொட்டியை இழுத்து இழுத்து மூலைக்குக் கொண்டுவந்தோம். மாமா முக்காலியில் உட்கார்ந்து குடை நுனியால் இடம் காட்டினார். வேரை இறக்கி மண்ணைத் தள்ளி, தொட்டித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தோம். குட்டை கட்டி நின்றது. சைப்ரஸ் தன் பழைய இடத்தில், இளம் இறகுகளோடு, கொஞ்சம் சாய்ந்து நின்றது.

"மாமா, அந்த வேற கதையைச் சொல்லுங்க" என்றேன், கையைக் கழுவிக்கொண்டே. "இலை கொட்டும்னு ஏன் சொல்லல?"

மாமா தரையைப் பார்த்துச் சிரித்தார். "நட்ட அன்னிக்கு அவன் சொன்னான். 'குளிர் வந்தா இது உன் மண்டை மாதிரி ஆயிடும். ஆனா இதுக்குத் திரும்ப முளைக்கும், உனக்குத்தான் முளைக்காது.' உடனே உங்ககிட்ட சொல்லத்தான் எழுந்தேன். அவன் கையைப் பிடிச்சு உட்கார வெச்சான். 'சொல்லாதேடா. மரம் செத்துப்போச்சுன்னு உன் பையன் என்ன கூத்தெல்லாம் பண்றான்னு பாப்போம். கண்டிப்பா வேற மரம் வாங்கிட்டு வந்து நடுவான் பாரு. நாம ரெண்டு பேரும் இங்கேயே நாற்காலி போட்டு உக்காந்து சிரிக்கலாம்'னான்."

என் கணவர் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"அவன் சொன்ன மாதிரியே நட்டிருக்கே. ஒண்ணுகூடத் தப்பல" என்றார் மாமா. "சிரிக்கத்தான் அவன் இல்ல." குடையின் பிடியை இறுக்கிக்கொண்டார். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத்தான் சத்தம் பெருசு. அவன் பங்குக்கு நீ சிரிச்சிடும்மா."

என் கணவரைப் பார்த்தேன். சேறு அப்பிய கால், கையில் மண்வெட்டி, மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம். நர்சரிக்காரரின் அண்ணன் தம்பி ஞாபகம் வந்தது. பச்சைப் பசேல் ஞாபகம் வந்தது. குபுக்கென்று சிரிப்பு கிளம்பியது. நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. மாமா சிரித்தார். கடைசியில் அசடு வழிய என் கணவரும் சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழிய, தெருமுனை வரைக்கும் கேட்கட்டும் என்று குடைக்காரர் பங்கையும் சேர்த்து நான் சிரித்தேன்.